புள்ளிக் கோலத்தில் ஒரு கணக்குப் பாடம்

பிற மாநிலங்களில் வாழும் நம் பெற்றோர் பலர், "குழந்தையின் பாடம் இந்தியிலோ மராத்தியிலோ இருக்கிறது, நாம் எவ்வாறு உதவுவது?" என்று கவலுவதுண்டு. அக்கவலை வேண்டாத பாடம் ஒன்று உண்டு, அது வரைபடம். அதில் சொற்கள் சில, காண்பன பல. கண்டதை எடுத்துரைக்கத் தாய்மொழியே போதும். 1786ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டவரான வில்லியம் பிளேஃபேர், வாணிகக் கணக்குகளைக் கோடுகளாகவும் பட்டைகளாகவும் வரைந்து நூலாக வெளியிட்டார். எண்களின் அடுக்கில் மறைந்து கிடப்பதைக் கண் எளிதில் கண்டுகொள்ளும் என்பதே அவர் கருத்து.

தாளும் பென்சிலும் பிறகு வரட்டும். முதலில் தரையில் கோலமாவினால் பன்னிரண்டு புள்ளிகளை ஒரே வரிசையில் இட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதத்தின் பெயர் சூட்டுங்கள். மும்பையின் மழைக்குப் புளியங்கொட்டை. சென்னையின் மழைக்குச் சோழி. ஒவ்வொன்றும் 100 மில்லிமீட்டர் எனக் கொள்க. ஜூலையில் மும்பைக்கு ஏறத்தாழ எட்டுக் கொட்டைகள் மேல்நோக்கி வரிசையாக நிற்கும். பக்கத்தில் சென்னைக்கு ஒரே சோழி. நவம்பரிலோ சென்னைக்கு ஏறத்தாழ நான்கு. மும்பைக்கு ஒன்று வைக்கவும் மழை போதாது. மற்ற மாதங்களின் அளவையும், நீங்கள் வாழும் ஊரின் அளவையும் வானிலைத் துறையின் பட்டியலில் காணலாம்.

இனிக் கேள்விகள். "எது மிக உயரம்?" "எத்தனை கூடுதல்?" "ஏன்?" மூன்றாவது கேள்வியே பாடத்தின் உயிர். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேற்குக் கரையில் பொழிந்துவிடுகிறது. தமிழகக் கடற்கரையை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்று நனைக்கிறது. பாட்டி ஊரில் தீபாவளியன்று மழை பெய்வதன் காரணம் குழந்தைக்கு அப்பொழுது விளங்கும்.

இறுதியாக ஒரு வேடிக்கை. அண்ணன் 100 பக்கமும் தங்கை 98 பக்கமும் படித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கோட்டைச் சுழியில் தொடங்காமல் 97இல் தொடங்கி இரு பட்டைகள் வரையுங்கள். அண்ணனின் பட்டை தங்கையினுடையதைப்போல் மும்மடங்கு நிற்கும்! "இது நியாயமா?" என்று தங்கை கேட்பாள். அக்கேள்வி எழுந்துவிட்டால் பாடம் பலித்தது. விளம்பரங்களிலும் செய்தித்தாள்களிலும் இத்தகைய படங்கள் நாள்தோறும் நம் முன் வருகின்றன. அடிக்கோடு எங்கே தொடங்குகிறது என்று முதலில் பார்க்கப் பழகிய பிள்ளையை, எந்த ஊரிலும் எந்த மொழியிலும் அவை எளிதில் ஏமாற்ற இயலாது.