உழைக்கும் குளம்பு: கோவேறு கழுதையின் பாதமும் அதன் நலமும்

உழைக்கும் விலங்குகளைப் பற்றிப் பேசும்போது அவற்றின் வலிமையையே நாம் பெரிதும் பேசுகின்றோம். அவ்வலிமை எந்த உறுப்பிலே தங்கியுள்ளது என்பதை நோக்குவது அரிது. பொதி சுமக்கும் கோவேறு கழுதையைப் பொறுத்தவரை அவ்வுறுப்பு அதன் குளம்பேயாகும். மன்னாரிலும் புத்தளத்திலும் கழுதைகளைக் கண்டு பழகிய நமக்குக் கோவேறு கழுதை அத்துணை அறிமுகமானதன்று. ஆயின், மொரொக்கோ, எதியோப்பியா, நேபாளம் முதலிய நாடுகளில் ஏழைக் குடும்பங்கள் பலவற்றின் பிழைப்பு இன்றும் அதன் நான்கு குளம்புகளின் மீதே நிற்கின்றது. மொரொக்கோவின் ஃபெஸ் நகரைச் சான்றாகக் கொண்டு, அக்குளம்பின் அமைப்பையும் அதன் நலத்தைத் தீர்மானிக்கும் காரணிகளையும் இங்கு விளக்க முற்படுகின்றோம்.

ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறப்பது கோவேறு கழுதை. குதிரையின் உயிர்க்கலத்தில் 64 நிறமூர்த்தங்களும் கழுதையினதில் 62 நிறமூர்த்தங்களும் உள்ளன. கோவேறு கழுதை 63 பெற்றுப் பொதுவாக மலடாகின்றது. அதன் குளம்பிலும் இவ்விரு மரபுகளும் கலந்துள்ளன. குதிரையின் முன்குளம்பை அடியிலிருந்து நோக்கினால் அது ஏறத்தாழ வட்டமாகத் தோன்றும். கழுதையின் குளம்போ ஒடுக்கமானது. பக்கங்கள் ஏறக்குறைய இணையாகச் செல்வன. நிலத்தின் மீது குத்தாக நிற்பது. கோவேறு கழுதையின் குளம்பு இரண்டிற்கும் இடைப்பட்டதாயினும் ஒடுக்கத்திலும் குத்துநிலையிலும் கழுதையினதையே பெரிதும் ஒத்திருக்கின்றது.

இவ்வடிவம் ஒரு குறைபாடன்று. கழுதையின் மூதாதையர் ஆபிரிக்காவின் வறண்ட, கற்கள் நிறைந்த நிலங்களில் வாழ்ந்தவை. அந்நிலத்திற்கேற்பவே இக்குளம்பு உருவாயிற்று. எனினும், இலாடம் அடிப்போர் பலர் குதிரையின் குளம்பையே அளவுகோலாகக் கொள்கின்றனர். வட்டமான குதிரை இலாடத்தை ஒடுங்கிய குளம்பிற் பொருத்தினால் அதன் ஓரங்கள் வெளியே நீட்டிக் கற்களில் இடறும். குளம்பு மிகவும் குத்தாக உள்ளதென எண்ணிக் குதிப்பகுதியை அளவுக்கு மீறிச் சீவினாலோ, காலின் பின்புறத் தசைநாண்கள் அளவுகடந்து இழுபடும். குளம்பின் முன்சுவர் அதற்கு மேலுள்ள கணுக்கால் எலும்புகளின் சாய்வோடு ஒரே கோட்டில் அமைகின்றதா என்பதே கொள்ளத்தக்க அளவுகோல். அவ்விலங்கின் கால் அவ்விலங்கைக் கொண்டே அளக்கப்படல் வேண்டும்.

குளம்பு உயிருள்ள பாதத்தின் பகுதி என்பதும் மறக்கப்படுகின்றது. தோலும் குளம்பும் சந்திக்கும் வளையத்திலிருந்து குளம்புச் சுவர் ஓயாது கீழ்நோக்கி வளர்கின்றது. நுனிப்பகுதி முழுவதும் புதிதாவதற்கு ஏறத்தாழ ஓராண்டு செல்லும். இயற்கையில் வளர்ச்சியும் தேய்வும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. சுமையுடன் கல்லிலே நாள்தோறும் நடக்கும்போது தேய்வு விஞ்சுகின்றது. எனவே இலாடம் தேவையாகின்றது. ஆனால், இலாடம் தேய்வைத் தடுக்கின்றதேயன்றி வளர்ச்சியைத் தடுப்பதில்லை. ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை அதனைக் கழற்றிக் குளம்பைச் சீவாவிடின் நுனி நீண்டு, பாரம் தவறான இடத்தில் விழுந்து, சுவர் வெடிக்கத் தொடங்கும். பாதுகாக்க வந்த பொருளே கேட்டிற்கும் காரணமாகும் முரண்பாட்டை இங்கே காண்கின்றோம்.

ஃபெஸ் நகரின் பழைய பகுதியில் இம்முரண்பாடு கண்கூடு. 1981இல் உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்கப்பட்ட அந்நகரின் ஒழுங்கைகள் மிகக் குறுகலானவை. மோட்டார் வண்டிகள் புகமுடியாதவை. தோல் பதனிடும் தொட்டிகளுக்குச் செல்லும் தோல்களையும் கட்டடப் பொருள்களையும் கடைச் சரக்குகளையும் கோவேறு கழுதைகளும் கழுதைகளுமே சுமக்கின்றன. வழுவழுப்பான கற்றரையிற் சறுக்காதிருக்கப் பழைய ரயரின் இறப்பரை வெட்டி இலாடமாக அடிப்பதும் உண்டு. வறண்ட நிலத்திற்கு உரிய அக்குளம்பு ஈரமும் கழிவும் தேங்கிய தொழுவத்தில் நின்றால் மென்மையடையும். அடிப்புறத்தின் பிளவுகளில் கிருமிகள் புகுந்து அழுகலை உண்டாக்கும்.

இவற்றினும் கொடியது குளம்பின் உள்ளே நிகழும் அழற்சி. குளம்புச் சுவரையும் உள்ளெலும்பையும் பிணைக்கும் மெல்லிய இதழ்கள் பழுதுபட்டு, எலும்பு தன் இடத்திலிருந்து பெயர்ந்துவிடலாம். தானியத்தை ஒரேயடியாக மிகுதியாகத் தின்றல், ஒரு கால் நோவுற மற்றக் காலே நெடுநாள் பாரம் தாங்கல் முதலியன இதற்குக் காரணங்களாகும். குதிரையைப் போலன்றி, கோவேறு கழுதை தன் நோவைப் பெரிதும் வெளிக்காட்டாது. அது நொண்டத் தொடங்கும்போது நோய் முற்றியிருக்கவுங்கூடும். நடக்க மறுக்கும் அதனை நாம் பிடிவாதம் கொண்டதென்கின்றோம். அப்பிடிவாதத்தின் பின்னே நோவும் இருக்கலாம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இதற்குச் சுமைகாரனின் கன்னெஞ்சமே காரணம் எனக் கூறிவிடுதல் எளிது; அது போதிய விளக்கமாகாது. இலாடத்தை மாற்றுவதற்கும் விலங்குக்கு ஓய்வு கொடுப்பதற்கும் அவன் செலுத்தும் விலை ஒருநாட் கூலியாகும். அக்கூலியின்றி அவன் வீட்டில் அடுப்பெரியாதாயின், தேய்ந்த இலாடம் இன்னும் ஒரு வாரம் உழைத்தே தீரும். விலங்கின் குளம்பும் உடையவனின் வயிறும் ஒரே கயிற்றிற் கட்டப்பட்டுள்ளன. ஃபெஸ் நகரில் 1927இல் நிறுவப்பட்ட ‘அமெரிக்கன் ஃபொண்டுக்’ என்னும் விலங்கு வைத்தியசாலை ஏழைகளின் விலங்குகளுக்கு இலவசச் சிகிச்சை அளித்து வந்தமையின் சிறப்பினை இப்பின்னணியிலேயே மதிப்பிடல் வேண்டும்.

எனினும் சிகிச்சை மட்டும் போதாது. கோவேறு கழுதையின் குளம்பை அதன் இயல்பறிந்து சீவும் பயிற்சி இலாடம் அடிப்போர்க்குக் கிட்டல் வேண்டும். உலர்ந்த தொழுவம் வேண்டும். ஒருநாள் ஓய்வு பட்டினியாக மாறாத கூலி நிலையும் வேண்டும். உரம் மிக்கது என்று நாம் புகழும் உயிர், அப்புகழின் பெயராலேயே பேணப்படாது விடப்படுகின்றது. இது கோவேறு கழுதைக்கு மட்டும் நேர்ந்த கதியன்று என்பதை உழைப்பின் வரலாற்றை அறிந்தோர் உணர்வர்.