வேகத்தின் கணக்கு – 14: காலை எடுத்த பிறகு

ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது இன்ஜினுக்குள் நடப்பதைப் போன வாரம் பார்த்தோம். இந்த வாரம், காலை எடுத்த பிறகு.

கொடைக்கானலில் இருந்து பழனிக்கு நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்று தாராபுரத்தில் இன்றும் சொல்வார்கள். கார்புரேட்டர் காலத்தில் அதில் நியாயம் இருந்தது. கோவை எஸ். கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களைக் கட்டிய காலம் அது. காலை எடுத்தாலும், கியரில் சுழலும் இன்ஜின் ஐடில் ஜெட் வழியாகப் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும்.

இன்ஜெக்டர் வந்ததும் கணக்கு மாறிவிட்டது. த்ராட்டில் மூடி, ஆர்பிஎம் ஓர் அளவுக்கு மேல் இருந்தால், இன்ஜினை ஆளும் கணினியான இசியு இன்ஜெக்டர்களை முழுசாக நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். பெட்ரோல் செலவு பூஜ்யம். நியூட்ரலில் விட்டால்தான் ஐடிலுக்குப் பெட்ரோல் போகும், இன்ஜின் பிரேக்கும் கைவிட்டுப் போகும்.

கம்பெனி காரில் இதையெல்லாம் அவர்களே சரிசெய்து தந்துவிடுகிறார்கள். கேம்ஷாஃப்டை மாற்றித் தனி இசியு போட்ட காரில் நாம்தான் செய்யவேண்டும். எங்கள் கார் அப்படிப்பட்டது. லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு டியூனர் தம்பி பக்கத்து சீட்டில். மலைப்பாதையில் இரண்டாவது கியரில் நான். மெல்லிய சரிவு ஒன்றில் கார் தலையாட்ட ஆரம்பித்தது. "அண்ணா, வெட்டி வெட்டித் தருதுங்க" என்றான்.

காரணம் திரையிலேயே இருந்தது. 1500 ஆர்பிஎம்மில் பெட்ரோல் வெட்டு, 1400-ல் திரும்ப ஊற்று. வெட்டியதும் இன்ஜின் இழுத்துப் பிடிக்க ஆர்பிஎம் இறங்குகிறது, பெட்ரோல் வந்ததும் சரிவு தள்ளிவிட மறுபடி ஏறுகிறது, மறுபடி வெட்டு. வெட்டை 1900-க்கு ஏற்றினோம். கியர் மாற்றக் காலை எடுக்கும் நேரத்திலும் வெட்டிவிடாமல் இருக்க அரை நொடி தாமதமும் வைத்தோம். தலையாட்டம் நின்றது.

ஆனால் திரும்ப ஊற்றும் இடத்தில் ஒரு திணறல் மிச்சமிருந்தது. இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே இந்த இடம்தான். இன்டேக் போர்ட்டின் சுவரில் எப்போதும் மெல்லிய பெட்ரோல் ஈரம் இருக்கும். வெட்டியிருக்கும் நேரத்தில் அது காய்ந்துவிடும். திரும்பவரும் முதல் பெட்ரோலில் ஒரு பங்கு சுவரை நனைக்கவே போய்விடும். சிலிண்டருக்குப் போவது குறைச்சல். வறண்ட வாய்க்காலில் அமராவதித் தண்ணீர் விட்டால் கடைமடைக்கு உடனே வந்துவிடுமா? முதல் சில சுற்றுகளுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றச் சொன்னோம். ஸ்பார்க்கைப் பின்தள்ளி வைத்து, மெல்ல மெல்லப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தோம். புகையில் ஆக்ஸிஜனை அளக்கும் லாம்ப்டா சென்சார் வெட்டு நேரத்தில் காற்றை மட்டுமே பார்க்கும். அதை நம்பி இசியு பெட்ரோலைக் கூட்டிவிடாதபடி திருத்தத்தையும் நிறுத்திவைத்தோம்.

சைலன்ஸரில் பட் பட்டென்று வெடிக்க வேண்டும் என்று கேட்டு வரும் பையன்கள் உண்டு. அது இதற்கு நேர் எதிர்: காலை எடுத்த பிறகும் பெட்ரோலை விட்டு, ஸ்பார்க்கைத் தாமதித்து, வெளியே எரியவிடுவது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அந்தச் சூட்டில் உருகிப்போகும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

திரும்ப மேலே ஏறி, அதே சரிவில் இறங்கினோம். 1400-ஐத் தொட்டபோது பெட்ரோல் வந்தது திரையில் மட்டும்தான் தெரிந்தது. பழனி அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கையைக் காட்டிப் பார்த்தேன். பிரேக் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.