கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டிவிட்டால் போதுமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

கொடுத்த கடன் திரும்பவில்லை, வரப்பை வெட்டி நிலத்தைச் சேர்த்துக்கொண்டான், வீட்டு நகை களவு போனது. இப்படி ஒரு குறை வந்தால், மூங்கில்துறைப்பட்டு வட்டாரத்தில் கொளஞ்சியப்பரை நினைக்காதவர்கள் குறைவு. அவர் கோயில் இருப்பது விருத்தாசலத்தை ஒட்டிய மணவாளநல்லூரில். நம் கல்வராயன் மலையில் பிறக்கும் மணிமுத்தாறு பாயும் ஊர்ப்பக்கம் அது. சாமியிடம் மனு கொடுப்பது, அதாவது பிராது கட்டுவது குறித்தும், அதன் பிறகு செய்ய வேண்டியவை குறித்தும் எழும் சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம்.

பிராது கட்டுவது எப்படி?

பெயர், ஊர், குறை ஆகியவற்றைத் தாளில் எழுதி கொளஞ்சியப்பர் சந்நிதியில் கொடுக்க வேண்டும். அங்கே முருகனே கொளஞ்சியப்பராக, உருவமின்றி, பலிபீட வடிவில் சுயம்புவாக இருக்கிறார். அர்ச்சகர் அந்தத் தாளை வைத்துப் பூசை செய்து திருநீற்றோடு திருப்பித் தருவார். அதைப் பொட்டலமாகச் சுருட்டி, முனியப்பர் சந்நிதியில் உள்ள வேலில் கட்டுவார்கள். மனுதாரரின் ஊர் எவ்வளவு தூரம் என்று கணக்கிட்டுக் கட்டணம் வாங்குவது அங்குள்ள வழக்கம். மூன்று மாதத்துக்குள் குறை தீரும் என்பது நம்பிக்கை. தீர்ந்ததும் போய் பிராதைத் திரும்பப் பெற வேண்டும்.

இந்த வழக்கம் இங்கே மட்டும்தானா?

இல்லை. ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூசி முறையிடுகிறார்கள். மடப்புரம் காளி கோயிலில் காசு வெட்டிப் போடுகிறார்கள். உத்தராகண்டில் அல்மோரா அருகே உள்ள சித்தை கோலு தேவதை கோயிலில் முத்திரைத்தாளில்கூட மனு எழுதி, மணியோடு கட்டித் தொங்கவிடுகிறார்கள். அலைந்து அலைந்து ஓய்ந்தவர்கள், யாரும் காது கொடுக்காத குறையைத் தங்கள் கையாலேயே சாமியிடம் ஒப்படைக்கும் இடங்கள் இவை. அந்த மன ஆறுதலை யாரும் இழிவாகப் பேசக் கூடாது.

அர்ச்சகரோ பூசாரியோ தீர்ப்புச் சொல்லலாமா?

கூடாது. மனுவைச் சாமி முன் வைப்பதோடு அவர் வேலை முடிகிறது. கோயில் சொத்தும் அவருடையதல்ல. சட்டத்தின் பார்வையில் உரிமையாளர் தெய்வமே, பூசாரி ஊழியர்தான் என்று 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. சாமிக்கு ஊழியம் செய்பவருக்கு, சாமியின் பெயரால் மனிதர்களைத் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது.

சாமி வந்தவர் ஒருவரைச் சுட்டி, 'இவன்தான் திருடன்' என்றால்?

அது சாட்சி ஆகாது. அந்தச் சொல்லை வைத்து ஒருவரை அடிப்பதும், கட்டிவைப்பதும், அபராதம் போடுவதும் குற்றம். கட்டப்பஞ்சாயத்து முற்றிலும் சட்டவிரோதம் என்று 2011-இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊரில் ஆள்பலம் இல்லாத குடும்பத்தின் மேல்தான் இப்படிப்பட்ட பழி சுலபமாக விழுகிறது. ஒருமுறை விழுந்துவிட்டால், உண்மைத் திருடன் பிடிபட்ட பிறகும் அது முழுதாக நீங்குவதில்லை.

'சாமி குத்தம் வரும்' என்று மிரட்டிப் பணம் கேட்டால்?

சொன்னதைச் செய்யாவிட்டால் தெய்வக் கோபத்துக்கு ஆளாவாய் என்று நம்பவைத்து ஒருவரைப் பணியவைப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 354-ஆம் பிரிவின்படி குற்றம். ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

கோயிலில் சூடம் அணைத்துச் செய்த சத்தியத்தை கோர்ட் ஏற்குமா?

முன்பு அதற்கு இடம் இருந்தது. 'எதிராளி இப்படிச் சத்தியம் செய்தால் அதற்கு நான் கட்டுப்படுகிறேன்' என்று வழக்காடுபவர் ஒப்புக்கொண்டால், அந்தச் சத்தியத்தின் மேல் சொன்னது அவரைக் கட்டுப்படுத்தும் என்று 1873-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. 1969-இல் வந்த புதிய உறுதிமொழிச் சட்டத்தோடு அந்த முறை போய்விட்டது. இன்று பத்திரமும் ரசீதும் சாட்சியும்தான் பேசும்.

பிராது கட்டிய பிறகு போலீசுக்குப் போனால் சாமி கோபிக்குமா?

இந்தத் தயக்கம்தான் பலரை அதிகம் பாதிக்கிறது. தெய்வத்திடம் முறையிட்டவர் சட்டத்தை நாடக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. திருட்டு, அடிதடி என்றால் அன்றே மூங்கில்துறைப்பட்டு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். முதல் தகவல் அறிக்கை பதிவானால் அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். பதிய மறுத்தால் புகாரை எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பலன் இல்லாவிட்டால் மாஜிஸ்திரேட்டை அணுகலாம். பட்டா, அளவை, உதவித்தொகை போன்ற குறைகளுக்கு, கள்ளக்குறிச்சி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள்.

காத்திருந்தால் என்ன நஷ்டம்?

பெரிய நஷ்டம். கேட்டதும் தருவதாக எழுதிய புரோநோட்டுக்கு, எழுதிய நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். கடன் வாங்கியவர் அந்தக் கெடுவுக்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டால், அந்த நாளிலிருந்து புதிதாகக் கணக்கு தொடங்கும். பிறர் பிடியில் உள்ள நிலத்தை மீட்கப் பொதுவாக 12 ஆண்டு. வேலில் கட்டிய பிராது இந்தக் கெடுவை ஒரு நாள்கூட நீட்டாது. 'சாமி பார்த்துக்கொள்ளும்' என்று இருந்துவிட்டால், நியாயம் நம் பக்கம் இருந்தும் வழக்கு கைவிட்டுப் போகும்.

வக்கீல் வைக்க வசதி இல்லையே?

1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச வக்கீல் கிடைப்பார். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. கல்வராயன் மலையின் மலையாளி பழங்குடி மக்களுக்கும் இது பொருந்தும். நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவை நேரில் அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

பிராது எழுதும்போது தேதி, தொகை, ஆள் பெயர், நடந்தது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுதுகிறோம். அதே விவரங்களை இன்னொரு தாளிலும் எழுதிக் கையெழுத்திட்டு உரிய அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். கொளஞ்சியப்பரிடம் கேட்ட நியாயத்தைச் சட்டத்திடமும் கேட்பது பக்திக்குக் குறைவல்ல, நம் உரிமை.