சுமை இறங்கும் இடம்: குற்றவுணர்வும் நாணமும் இறையன்பும்

நாணத்தை உயர்ந்த அணிகலனாகப் போற்றிய மக்கள் தமிழர். திருக்குறளில் ‘நாணுடைமை’ என்று 102ஆம் அதிகாரம் ஒன்று தனியே அமைந்திருப்பதே அதற்குச் சான்று. தகாத செயலைச் செய்ய உள்ளம் கூசுவதே அங்குப் பேசப்படும் நாணம். மகளிர்க்கு இயல்பான நாணம் அதனின் வேறு என வள்ளுவர் தொடக்கத்திலேயே பிரித்துக் காட்டிவிடுகிறார். தீமைக்கு முன் தோன்றும் இந்த நாணம் மனிதனைக் காக்கும். ஆனால், தீமை நிகழ்ந்த பின்னர்த் தோன்றி, நெஞ்சை விட்டு அகலாது தங்கிவிடும் நாணமும் ஒன்றுண்டு. அது மனிதனைக் காப்பதில்லை. ஒளிந்து வாழச் செய்கிறது. கிறித்துவ வாழ்வில் இறைவனின் அன்பை ஏற்க இந்த நாணம் எங்ஙனம் தடையாகிறது, அத்தடை எவ்வாறு நீங்குகிறது என்பதைத் தமிழ் இலக்கியத்தின் துணையோடு ஆராய்வது பயனுடையது.

கடனும் மானமும்

குற்றவுணர்வும் நாணமும் ஒன்றுபோலத் தோன்றினும் வேறு வேறானவை. ‘நான் தவறு செய்தேன்’ என்பது குற்றவுணர்வு. ‘நானே தவறானவன்’ என்பது நாணம். முன்னது செயலைப் பற்றியது. பின்னது ஆளைப் பற்றியது. குற்றவுணர்வு கொண்டவன் கணக்கைத் தீர்க்க விரும்புகிறான். நாணமுற்றவனோ தன் முகத்தை மறைக்க விரும்புகிறான்.

நெகிரி செம்பிலானின் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்க்கு இவ்விரண்டையும் விளக்க நூல்கள் தேவைப்படவில்லை. மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தது. அதன் பின்னரும் கங்காணி முறை நீடித்தது. பயிற்சியற்ற தொழிலாளர் மலாயாவுக்கு வருவதை 1938இல் இந்திய அரசு தடை செய்தபோதே அது முடிவுற்றது. கப்பலேறும் முன்பே கங்காணியிடம் முன்பணம் பெற்றுக் கடனாளியாகி வந்தவர் பலர். கடன்பட்ட நெஞ்சின் கலக்கம் அவர்கள் நன்கறிந்தது. மத்தேயு சுவிசேஷத்தில் இயேசு கற்பித்த செபத்தில் பாவம் ‘கடன்’ என்றே கூறப்படுவதை அவர்கள் விளக்கமின்றியே உணர்ந்திருப்பர்.

நாணமும் அவர்கட்குப் புதிதன்று. லயத்து வீடுகளில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே இருந்தது ஒரு சுவரே. இரவில் கள்ளருந்தி வந்தவன் வீட்டில் எழுந்த சண்டை, விடியுமுன்னே பெரட்டுக்களத்துக்கு எட்டிவிடும். ‘மானம் போயிற்று’, ‘தலை காட்ட முடியவில்லை’, ‘எந்த முகத்தோடு போவது’ என்பன அந்த வாழ்வில் அன்றாடம் வழங்கிய சொற்கள். இத்தகைய நிலையில் ஒருவன் முதலில் கைவிடுவது கோயிலுக்குப் போவதைத்தான். இறைவன் மீது வெறுப்பினால் அன்று. தான் அங்கு நிற்கத் தகாதவன் என்ற எண்ணத்தினால்.

விவிலியத்தின் முதல் நூலும் இதே காட்சியுடன்தான் மனிதனின் வீழ்ச்சியைக் கூறுகிறது. விலக்கப்பட்ட கனியை உண்ட ஆதாமும் ஏவாளும் இலைகளைத் தைத்து உடுத்திக்கொண்டு மரங்களிடையே ஒளிகின்றனர். தேடி வருபவர் கடவுள். தண்டனை அறிவிக்கப்படுகிறது, எனினும் தோட்டத்தை விட்டு அனுப்புமுன் அவர்கட்குத் தோலாடை செய்து உடுத்துபவரும் அவரே. குற்றம் தீர்ப்புக்கு உள்ளானது. நாணமோ ஆடையினால் மூடப்பட்டது.

கிருஷ்ணபிள்ளையின் யாத்திரிகம்

இப்பொருளைத் தமிழில் காப்பியமாக்கித் தந்தவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827-1900). நெல்லை மாவட்டத்துக் கரையிருப்பு என்னும் ஊரில் வைணவ வேளாளர் குடியில் பிறந்தவர், கம்பராமாயணத்தில் ஊறியவர், சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றியவர். 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றுக் கிறித்துவரானார். அவர் இயற்றிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ ‘நற்போதகம்’ என்னும் இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வெளிவந்து, 1894இல் நூலாயிற்று. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய என ஐந்து பருவங்களும் 3766 பாடல்களும் கொண்ட பெருநூல் அது. அவரைக் ‘கிறித்துவக் கம்பர்’ என அறிஞர் போற்றுவதற்கு அந்நூலே காரணம்.

அதன் மூலநூல் ஆங்கிலேயரான ஜான் பன்யன் 1678இல் வெளியிட்ட ‘பரதேசியின் மோட்சப் பிரயாணம்’. பன்யன் கல்லூரி கண்டவரல்லர். பாத்திரங்களைச் செப்பனிடும் தொழிலாளி. உரிமமின்றிச் சமயவுரை ஆற்றினார் என்பதற்காக 1660 முதல் 1672 வரை பெட்போர்டு சிறையில் கிடந்தவர். தமக்கு மன்னிப்பே இல்லை என்று பல்லாண்டுகள் நடுங்கிய தம் மனப் போராட்டத்தை 1666இல் தனிநூலாகவே எழுதினார். அந்த அனுபவமே பின்னர்க் கதையாயிற்று.

கதையின் தலைவன் முதுகில் பெரிய மூட்டையுடன் தோன்றுகிறான். கந்தல் உடுத்தியிருக்கிறான். அழியப்போகும் நகரை விட்டு ஓடுகிறான். வழியில் உலக ஞானி ஒருவன் எதிர்ப்பட்டு, அருகிலுள்ள ஊரில் சட்டம் என்பவரைக் கண்டால் சுமை எளிதில் இறங்கும் என்று ஆசை காட்டுகிறான். அவ்வழி திரும்பியதும் மலையொன்று தலைமேல் கவிந்து நிற்கிறது; சுமையோ முன்னிலும் கனக்கிறது. நற்செயல்களை அடுக்கித் தன் குற்றத்தைத் தானே ஈடு செய்ய முயல்பவனின் நிலை இதுவே. எவ்வளவு செய்தாலும் ‘போதுமா’ என்ற கேள்வி ஓய்வதில்லை. முடிவில், மேட்டில் நிற்கும் சிலுவையின் முன் அவன் வந்தபோது மூட்டை தானே அவிழ்ந்து, உருண்டு, கீழிருந்த கல்லறைக்குள் விழுந்து மறைகிறது. அவன் அதை இறக்கவில்லை, அது இறங்கியது.

அதன் பின் நிகழ்வது கவனிக்கத்தக்கது. ஒளி பொருந்திய மூவர் அவனிடம் வருகின்றனர். ஒருவர் அவன் பாவம் மன்னிக்கப்பட்டது என்கிறார். மற்றொருவர் கந்தலைக் களைந்து புத்தாடை உடுத்துகிறார். மூன்றாமவர் நெற்றியில் அடையாளமிட்டு முத்திரையிட்ட சுருளைத் தருகிறார். முதலாமவரின் சொல் குற்றவுணர்வுக்கு மருந்து. இரண்டாமவரின் செயல் நாணத்துக்கு மருந்து. மன்னிப்பை அறிவித்துவிட்டுக் கந்தலுடன் அவனை அனுப்பியிருந்தால் பாதிப் பணியே நிறைவேறியிருக்கும்.

கிருஷ்ணபிள்ளை மொழிபெயர்ப்போடு நின்றுவிடவில்லை. பன்யன் கதையில் விரித்துரைக்கப்படாத இயேசுவின் பாடுகளைக் குமார பருவத்தில் ‘இரட்சணிய சரித படலம்’ எனத் தனியே விரித்துப் பாடினார். அங்கு இயேசு கட்டுண்டு நிற்கிறார், ஆடை களையப்படுகிறார், செந்நிற அங்கி போர்த்தி, முள்முடி சூட்டி, முகத்தில் உமிழ்ந்து ஏளனம் செய்கின்றனர். உடல் வலியைவிட அவமானமே அங்கு மிகுதியாகப் பேசப்படுகிறது. உரோமர் ஆட்சியில் சிலுவை, அடிமைகட்கும் கலகக்காரர்க்கும் உரிய இழிந்த தண்டனையாக இருந்தது. ஆகவே கிறித்துவர் வணங்கும் தலைவர் ஊரார் முன் மானமிழந்து நின்றவர். தலை காட்ட முடியாதவன் அணுகுவதற்கு அவரினும் ஏற்றவர் யார்?

இரு சீடர்

குற்றவுணர்வு மட்டுமே ஒருவனைக் காப்பாற்றாது என்பதற்கு யூதாசும் பேதுருவும் சான்று. யூதாசு காட்டிக்கொடுத்தான், பேதுரு மும்முறை மறுதலித்தான். இருவரும் வருந்தினர். யூதாசு வெள்ளிக்காசுகளைத் திருப்பி எறிந்து, தன் குற்றத்தை வாய்விட்டும் கூறினான். ஆயின் அவன் தனியே போய் உயிரை மாய்த்துக்கொண்டான். பேதுரு மனங்கசந்து அழுதான். எனினும் தோழரை விட்டு நீங்கவில்லை.

யோவான் இதனை நுட்பமாக அமைக்கிறார். பேதுரு மறுதலித்தது கரிநெருப்பின் அருகே. உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் அவனுக்கு உணவளித்ததும் கரிநெருப்பின் அருகே. தமிழ் விவிலியமும் ஈரிடத்தும் அதே சொல்லைக் காத்துள்ளது. மும்முறை மறுத்தவனிடம் ‘என்னை நேசிக்கிறாயா’ என மும்முறை கேட்கப்படுகிறது. பழைய காயம் மூடி மறைக்கப்படவில்லை. அதே இடத்தில் தொட்டு ஆற்றப்படுகிறது. அதோடு, ஆடுகளை மேய்க்கும் பொறுப்பும் அவனிடமே தரப்படுகிறது.

கூலியா, மகனா?

லூக்காவில் வரும் ஊதாரி மகனின் கதை தோட்டத் தமிழர் நெஞ்சுக்கு மிக அணுக்கமானது. சொத்தை அழித்துத் திரும்பும் இளையவன், தந்தையிடம் கூறவேண்டியதை வழியிலேயே ஒத்திகை பார்க்கிறான்: மகன் என்னும் தகுதி தனக்கில்லை, கூலிக்காரருள் ஒருவனாக வைத்துக்கொண்டால் போதும். அவன் கணக்கில் அதுவே நேர்மை. உழைத்துக் கடனைக் கழிக்கலாம். ஓரமாக ஒதுங்கி வாழலாம். ஆனால் தந்தை ஓடிவந்து தழுவிக்கொண்டபின், கூலியைப் பற்றிய அப்பகுதியைச் சொல்ல அவனுக்கு இடமே கிடைக்கவில்லை. உயர்ந்த அங்கியும் மோதிரமும் மிதியடியும் வந்துவிடுகின்றன. ‘கூலி’ என்ற சொல் வசையாகவும் வழங்கிய நாட்டில் வாழ்ந்தவர்க்கு இதன் பொருள் ஆழமானது. தந்தை அவனைக் கூலியாகப் பெரட்டில் நிறுத்தவில்லை. மகனாகவே வீட்டுக்குள் அழைத்துச் சென்றார்.

அன்பை ஏற்பதிலுள்ள இடர்ப்பாடு இங்குத்தான் உள்ளது. கூலியாக இருப்பது எளிது, கணக்கு உண்டு. மகனாக ஏற்கப்படும்போது கணக்கு இல்லை. நன்றி ஒன்றே உண்டு. ‘எனக்குத் தகுதியில்லை’ என்று விடாது கூறுவது பணிவுபோலத் தோன்றும். ஆயின், தந்தையின் முடிவைவிடத் தன் தீர்ப்பே சரியானது என்று நிற்பதும் ஒருவகைச் செருக்கே.

மூன்று ஐயங்கள்

இவ்வாறு மன்னிப்பு எளிதில் கிடைக்குமாயின் மனிதன் துணிந்து தவறு செய்யானோ என்பர் சிலர். சகேயுவின் வரலாறு விடை கூறும். வரி தண்டுவோனாகிய அவன் வீட்டுக்கு இயேசு முதலில் விருந்தினராகச் சென்றார். அநியாயமாக வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவேன் என்று அவன் கூறியது அதன் பின்னரே. அன்பு முந்தியது, ஈடு செய்தல் தொடர்ந்தது. குடித்து மனைவியை அடித்தவன் இறைவனின் மன்னிப்பைப் பெற்றுவிட்டேன் என்று கூறி, அவளிடம் மன்னிப்புக் கேளாதிருப்பானாயின் அவன் மன்னிப்பைப் பெற்றவனல்லன். அவள் உடனே மறந்துவிட வேண்டும் என்று கேட்கவும் அவனுக்கு உரிமை இல்லை.

செய்யாத குற்றத்துக்காக நாணுவோர் நிலை யாது என்பது அடுத்த ஐயம். பிறந்த சாதி, தோட்டத்துப் பிறப்பு, வறுமை, பிறர் இழைத்த கொடுமை ஆகியவற்றுக்காகக் குனிந்து வாழ்ந்தவர் எண்ணற்றோர். இவற்றுக்கு மன்னிப்புத் தேவையில்லை. ஏனெனில் அவை பாவமல்ல. பிறர் சுமத்திய சுமை அது. இவர்களிடம் ‘மனந்திரும்பு’ என்று கூறுவது புண்ணில் வேல் பாய்ச்சுவதாகும். ‘உன்மீது குற்றமில்லை’ என்று கூறுவதே அறம்.

ஒருமுறை இறங்கிய சுமை மீண்டும் ஏறுவதேன் என்பது மூன்றாவது ஐயம். பன்யன் கதையில் சிலுவையைக் கண்ட பின்னும் யாத்திரிகன் ஐயக் கோட்டையில் நிராசை என்னும் அரக்கனிடம் சிறைப்படுகிறான். பல நாள் அடியுண்ட பின்னரே, கதவைத் திறக்கும் வாக்குறுதி என்னும் சாவி தன் மடியிலேயே இருந்ததை நினைவுகூர்கிறான். அப்போது அவன் தனியே இல்லை. உடன் தோழன் ஒருவன் இருந்தான். உள்ளம் மீண்டும் குற்றஞ்சாட்டுவது மன்னிப்பு இல்லை என்பதற்கு அடையாளமன்று. பெற்ற வாக்கை மீண்டும் நினைத்தலும், நம்பத்தக்க ஒருவரிடம் மனம் திறத்தலும் அதற்கு வழி. கத்தோலிக்கர் குருவிடம் பாவ அறிக்கை செய்வதிலும், பிற சபையார் உடன்பிறந்தாருடன் கூடிச் செபிப்பதிலும் இவ்வுண்மையே செயற்படுகிறது.

தமிழ்ப் பக்தி மரபும் இதற்கு அயலன்று. சமணத்தில் தருமசேனராக வாழ்ந்து மீண்ட நாவுக்கரசர், கழிந்த நாளை எண்ணி இரங்கிப் பாடினார். அந்த இரக்கத்தோடு ஒடுங்கிவிடாமல் உழவாரம் ஏந்தித் தொண்டில் நின்றார். கோட்பாடுகள் வேறாயினும், தாழ்ந்து நின்றவனை அருள் தேடி வரும் என்ற செய்தியைத் தமிழ்ச் செவி முன்பே கேட்டுப் பழகியுள்ளது. கிருஷ்ணபிள்ளையின் காப்பியம் அயல்நாட்டுக் கதையாயினும் தமிழாகவே ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிரம்பான், ரந்தாவ், பகாவ், போர்ட்டிக்சன் வட்டாரத் தோட்டங்கள் பலவற்றிலிருந்து மக்கள் பட்டணத்துக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்துவிட்டனர். லயங்களை விட்டு வந்தவர் தம் நாணத்தையும் அங்கேயே விட்டு வந்தாரல்லர். வகுப்பில் தவறு செய்த மாணவனைப் பிறர் முன் நிறுத்தி இகழ்வதா, தவறைத் தனியே சுட்டித் திருத்தியபின் முன்போலவே அவனிடம் ஒரு பொறுப்பைத் தருவதா என்பது ஆசிரியர் நாள்தோறும் எதிர்கொள்ளும் கேள்வி. கடற்கரையில் பேதுருவுக்குக் கிடைத்தது இரண்டாவது வகை. தன் தவறு சொல்லப்பட்ட பின்னும் தான் தள்ளப்படவில்லை என்பதைச் சிறுவயதில் ஓரிடத்திலேனும் கண்டவனுக்கு, இறைவனின் அன்பைப் பற்றிப் பிற்காலத்தில் கேட்கும்போது அதனை நம்புவது கடினமாயிராது.