இராணுவக் கல்லூரியும் உபகாரச் சம்பளமும்

வெளிமாநிலங்களில் வாழும் தமிழன்பர் பலருக்கு, தம் பிள்ளையை டேராடூனிலுள்ள ராஷ்டிரிய இந்திய இராணுவக் கல்லூரியில் சேர்க்கும் அவா உண்டு. 1922-ஆம் ஆண்டு மார்ச் 13-ஆம் நாள் தொடங்கப்பெற்ற கல்லூரி அது. ஜெனரல் திம்மய்யா பயின்றதும் அங்கேதான். 2022 முதல் பெண் குழந்தைகளும் அங்கே சேர்க்கப்படுகின்றனர். கட்டணத்தை எண்ணி அஞ்சுவோர்க்கு ஒரு செய்தி: மாநில அரசுகள் பல, தகுதியுள்ள மாணவர்க்கு உபகாரச் சம்பளம் அளிக்கின்றன. தொகையும் வருமான வரம்பும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

எட்டாம் வகுப்பில், ஆண்டுக்கு இருமுறை மாணவர் சேர்க்கப்படுகின்றனர். வயது பதினொன்றரைக்குக் குறையாமலும் பதின்மூன்றுக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். பரீட்சையை நடத்துவது மாநில அரசு, இடங்களும் மாநிலவாரியானவை, அவை மிகச் சில.

எனவே நம்மவர் முதலில் தெளியவேண்டியது, எந்த மாநிலத்தின் சார்பில் விண்ணப்பிப்பது என்பதே. நானறிந்த குடும்பம் ஒன்றில் பையன் ஓராண்டு முழுதும் உழைத்துப் படித்தான். இருப்பிடச் சான்றிதழ் உரிய நாளில் கைக்கு வரவில்லை, விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. அடுத்த பருவத்தில் அவனுக்கு வயது கடந்துவிட்டது. தந்தையின் மாறுதல் உத்தரவுகளை அடுக்கிவைத்திருந்த அவ்வீட்டில், அந்த ஒரு தாளுக்கு மட்டும் எவரும் முந்திச் சென்றிலர்.

எழுத்துத் தேர்வில் கணிதத்துக்கு 200, ஆங்கிலத்துக்கு 125, பொது அறிவுக்கு 75 மதிப்பெண்கள். கணிதத்தையும் பொது அறிவையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதலாம். தமிழில் எழுத வழியில்லை. ஆதலின் தமிழில் கணக்குப் பயின்ற பிள்ளைக்குக் கலைச்சொற்களை முன்கூட்டியே பழக்குதல் நன்று. ஒவ்வொரு பாடத்திலும் பாதி மதிப்பெண்ணேனும் பெறவேண்டும். ஒன்றில் பெற்ற மிகுதி மற்றொன்றின் குறையை ஈடுசெய்யாது.

எழுத்தில் தேறியோர்க்கு 50 மதிப்பெண்ணுக்கு நேர்முகத் தேர்வு. பிள்ளைகள் பலரை வேறுபடுத்திக் காட்டுவது இதுவே. "தாய்நாட்டுக்குத் தொண்டாற்ற விரும்புகிறேன்" என்று மனப்பாடமாக ஒப்பிப்போர் அநேகர். அடுத்த வினாவிலேயே அவர்கள் திகைத்து நின்றுவிடுவர். தான் படித்த நூல், ஆடும் ஆட்டம், வீட்டில் செய்யும் வேலை, தான் வாழும் ஊரின் ஆறு, பயிர், தொழில் இவற்றைப் பற்றிச் சொந்தச் சொற்களில் பேசும் பிள்ளையே மனத்தில் நிற்பான். தெரியாததைத் தெரியாதென்று நிமிர்ந்து சொல்லவும் பழக்குங்கள். இரு மொழியும் இரு ஊரும் அறிந்து வளரும் நம் பிள்ளைகளிடம் சொல்வதற்குச் செய்தி நிரம்ப உண்டு. அதை நாள்தோறும் உணவு வேளையில் அவர்களைப் பேசவிட்டுக் கேட்டாலே போதும்.

பிள்ளைக்குப் பத்து வயது நிரம்பியதும் பிறப்புச் சான்றிதழையும் இருப்பிடச் சான்றிதழையும் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றைப் பிள்ளை பார்த்துக்கொள்வான்.