பறித்து வைத்த நாவல்

இரண்டாண்டுகளுக்கு முன், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் சமூக அறிவியல் புத்தகத்துக்குள் இருந்த மாத நாவலைப் பறித்து என் மேசைக்குள் வைத்தேன். பேய்க்கதை. மாலையில் வந்து நின்றாள். "கடைசி இருபது பக்கந்தான் சார் பாக்கி." பாடநூலை அவள் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. கொடுத்துவிட்டேன். "அடுத்து எதைப் படிக்கட்டுங்க சார்?" என்றபோதுதான் திகைத்தேன். பேய், காதல், அறிவியல் புனைவு என்றாலே மட்டமான எழுத்து என்று ஒதுக்கிப் பழகியவன் நான். தமிழாசிரியரிடம் அதற்குப் பதில் இல்லை.

வால்பாறையில் ஜூன் பிறந்தால் மழை விடாது. மழை விடுமுறைகளில் அந்தப் பதிலைத் தேடிப் படித்தேன். (பேருந்தில் படிக்க வழியில்லை; ஆழியாற்றிலிருந்து மேலே வர 40 கொண்டை ஊசி வளைவுகள்!)

முதலில் கையில் எடுத்தது சுதாகர் கஸ்தூரியின் '6174'. லெமூரியா, கோலம், புதிர்ப்பாட்டு என்று ஓடும் அறிவியல் புனைவு. தலைப்பில் உள்ள எண்ணைக் கண்டுசொன்ன கப்ரேக்கர், மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். நான்கு இலக்க எண் ஒன்றை எடுங்கள். நான்கும் ஒரே இலக்கமாக இருக்கக்கூடாது. 3524 என்போம். இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் எழுதிக் கழித்தால் 5432 – 2345 = 3087. மீண்டும் 8730 – 0378 = 8352. மீண்டும் 8532 – 2358 = 6174. எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிகளுக்குள் இங்கேதான் வந்து நிற்கும். இதைக் கரும்பலகையில் செய்து காட்டிய கணித ஆசிரியர் நாவலை வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார்.

பெருமாள்முருகனின் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை' 2016இல் வந்தது. பிறந்த குட்டிக்கும் அரசிடம் பதிவு வேண்டும், காதில் துளையிட்டு எண் மாட்ட வேண்டும் என்றொரு உலகம். அதைக் கற்பனை என்று தள்ளிவிட முடியவில்லை. சான்றிதழுக்காக வரிசையில் நின்ற பெற்றோர் முகங்கள்தான் நினைவுக்கு வந்தன. எட்டாம் வகுப்பிலேயே சில பகுதிகளை வாசித்துக் காட்டலாம்.

அவருடைய 'பூக்குழி' காதல் நாவல். சாதி மாறி மணந்துகொண்ட குமரேசனும் சரோஜாவும் அவன் ஊருக்கு வந்து சேர்கிறார்கள். அதன்பிறகு நடப்பதைப் படிக்கக் கொங்கு வட்டாரத்து ஆசிரியருக்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும், ஏனென்றால் அந்தப் பேச்சு நம் வீட்டுப் பேச்சு. இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. மாணவர் கையில் கொடுக்குமுன் நாம் படித்துவிட வேண்டும். மேல்நிலை வகுப்புக்குக் கீழே வேண்டாம் என்பது என் கருத்து.

திகிலுக்குச் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' பழையதுதான், ஆனாலும் இன்னும் வேலை செய்கிறது. பேயா, அறிவியலா என்ற கணேஷ் – வசந்த் வாக்குவாதத்தை அப்படியே வகுப்பறை விவாதமாக்கலாம்.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது பேயே இல்லாத ஒரு நாவல். ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் 1940களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல், 1969இல் ஆங்கிலத்தில் எழுதியது. இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். பாலாவின் 'பரதேசி' படம் இதைத் தழுவியது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் வாக்கை நம்பி மலையேறுகிறார்கள். முன்பணம் கடனாகிறது. மலேரியா லைன் லைனாக ஆட்களைக் கொண்டுபோகிறது. நம் பள்ளிச் சன்னலுக்கு வெளியே சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் அதே பச்சைச் சரிவில் இதெல்லாம் நடக்கிறது. படித்த மறுநாள் அந்தச் சன்னலோரம் நின்று பாடம் நடத்தச் சிரமமாக இருந்தது.

அந்த மாணவி இப்போது பதினொன்றாம் வகுப்பு. கடுமையான பக்கங்கள் உண்டு என்று சொல்லித்தான் கொடுத்தேன். மூன்றாம் நாள் வந்து கேட்டாள். "எங்க பாட்டியோட அம்மாவும் திருநெல்வேலியிலிருந்து இப்படித்தான் வந்தாங்களாம். இது கதையா, நிசமா சார்?"

நூலகப் பதிவேட்டின்படி புத்தகம் திரும்ப வேண்டிய நாள் கடந்துவிட்டது. தினம் பத்துப் பக்கம் பாட்டிக்கு வாசித்துக் காட்டுகிறாளாம். நான் கேட்கவில்லை.