இரண்டு கைகளுக்கு எத்தனை வேலை?

இடம்பெயர்ந்து வாழும் விவசாயக் குடும்பங்களில் விடியுமுன் எழும்புபவரும், எல்லோரும் படுத்தபின் படுப்பவரும் பெரும்பாலும் குடும்பத்தின் பெண்ணே. தண்ணீர், விறகு, சமையல், பிள்ளைகள், வயோதிபர், கூலிவேலை, நிவாரண அலுவல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வேலைகள் வந்து நிற்கின்றன. “எதை முதலில் செய்கிறதென்றே தெரியவில்லை” என்று சொல்லும் தாய்மாரை நாம் எந்தக் கிராமத்திலும் சந்திக்கின்றோம். சிறு விடயத்துக்கும் கோபம் வருகிறது. அடுப்பில் வைத்தது மறந்து போகிறது. களைப்பு இருந்தும் நித்திரை வருவதில்லை.

இதனைப் பலரும் அந்தப் பெண்ணின் குறையென்றே கருதுகின்றனர். பெண்களும் “எனக்குத்தான் கெட்டித்தனம் இல்லை” என்று தம்மையே நொந்துகொள்கின்றனர். இது சரியான எண்ணமா?

வேலை ஏன் பெருகியது?

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபரில் வலிகாமம் பகுதியிலிருந்தும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னியிலிருந்தும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் காணியையும் வீட்டையும் மட்டும் இழக்கவில்லை. சொந்த ஊரில் கிணறு வளவுக்குள் இருந்தது. பனை மட்டையும் தென்னம் பாளையும் விறகாயின. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மாமியாரோ மச்சாளோ பக்கத்தில் இருந்தார்கள். இவை எல்லாம் ஒரே நாளில் இல்லாமற் போயின. போர் 2009 மே மாதத்தில் முடிவுற்றது. ஆயினும் சில குடும்பங்கள் இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்பவில்லை. திரும்பியவர்களில் பலரை வரவேற்றது தூர்ந்த கிணறும் பற்றை மண்டிய வளவுமே.

இன்னொன்றையும் நாம் கவனிக்க வேண்டும். காணி கைவிட்டுப் போனபோது உழவும் நீரிறைப்பும் நின்றுபோயின. அதனால் பல ஆண்களுக்கு வேலை இல்லாமற் போயிற்று. ஆனால் பெண்ணின் வேலை நிற்கவில்லை, கூடியது. வேலையற்றிருக்கும் கணவனின் மனவேதனையும் உண்மையானதே. இருவரின் துன்பமும் ஒரே இழப்பிலிருந்து வந்தது என்பதை இருவரும் உணர்ந்தால், ஒருவரையொருவர் குறைசொல்வது குறையும்.

தண்ணீரை மட்டும் கணக்கிட்டுப் பார்ப்போம்

மனிதாபிமான நிறுவனங்கள் பின்பற்றும் ‘ஸ்பியர்’ நியமங்களின்படி, குடிக்கவும் சமைக்கவும் கழுவவும் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் தண்ணீர் வேண்டும். தண்ணீர் எடுக்கும் இடம் வீட்டிலிருந்து 500 மீற்றருக்கு மேற்படக் கூடாது.

ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 75 லீற்றர். 20 லீற்றர் கானில் அள்ளினால் நான்கு தடவை போய்வர வேண்டும். கிணறு 500 மீற்றர் தூரத்தில் இருந்தால் நடை மொத்தம் 4 கிலோமீற்றர். அதில் 2 கிலோமீற்றர் 20 கிலோகிராம் பாரத்துடன். நியமத்துக்கு அமைவான இடத்திலேயே இவ்வளவு என்றால், அதற்கும் தூரத்தில் உள்ளவர்களின் நிலை என்ன? இத்தனைக்கும் பின்னர்தான் அடுப்பு மூட்டுதலும் களைபிடுங்கப் போவதும் தொடங்குகின்றன. ஆகவே களைப்பு பலவீனத்தின் அடையாளம் அல்ல. பாரம் கூடிவிட்டது என்பதன் அடையாளமே அது.

நாம் செய்யக்கூடியவை

1. வேலைகளை எண்ணுவோம். பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றில், ஒரு நாளில் செய்யும் எல்லா வேலைகளையும் எழுதுங்கள். எழுத முடியாதவர்கள் ஒரு வேலைக்கு ஒரு புளியங்கொட்டை என எடுத்து வைக்கலாம். இரவில் குடும்பத்தினர் அனைவரும் இருக்கும்போது அதை எண்ணிக் காட்டுங்கள். கண்ணால் கண்டால்தான் வீட்டில் உள்ளவர்களுக்குப் பாரம் விளங்கும்.

2. மூன்றாகப் பிரிப்போம். இன்று கட்டாயம் செய்ய வேண்டியவை, நாளைக்கு விடக்கூடியவை, வேறொருவர் செய்யக்கூடியவை என்று பிரியுங்கள். குழந்தைக்குப் பால் கொடுப்பதைப் பிற்போட முடியாது. முற்றம் கூட்டுவதை ஒரு நாள் விடலாம். கறி ஒன்று குறைந்தால் குடும்ப மானம் போய்விடாது.

3. வீட்டுக்குள் பகிர்வோம். சைக்கிள் உள்ள வீட்டில் கணவனோ வளர்ந்த மகனோ ஒரு தடவையில் இரண்டு கான் கொண்டுவரலாம். நான்கு நடை இரண்டாகிவிடும். தண்ணீர் அள்ளுவதும் விறகு கொத்துவதும் ஆணுக்கு இழிவல்ல. மூத்த மகளை மட்டும் கூப்பிட்டு எல்லாவற்றையும் சுமத்துவதும் பகிர்வு ஆகாது. அவள் பாடசாலைக்குப் போவது நின்றால், தாயின் பாரம் அடுத்த தலைமுறைக்கு மாறியது என்பதே பொருள். மகனுக்கும் மகளுக்கும் சமமாக வேலை கொடுப்போம்.

4. வீடுகளுக்கிடையே பகிர்வோம். கணவனை இழந்தவர்களும், காணாமற் போனவரைத் தேடி அலைபவர்களும் யாருடன் பகிர்வது? இங்கே அயலவர் வேண்டும். நாற்றுநடுகைக்கும் அறுவடைக்கும் ஒருவர் வயலுக்கு மற்றவர் போய் உதவும் பழக்கம் நம்மிடம் இருந்தது. அதே முறையை மற்ற வேலைகளுக்கும் கொண்டுவரலாம். ஐந்து வீட்டார் சேர்ந்தால், ஒருவர் பிள்ளைகளைப் பார்க்க மற்றவர்கள் வேலைக்குப் போகலாம். பிரதேச செயலகத்துக்குப் போகும் ஒருவர், மற்றவர்களுக்கு வேண்டிய விண்ணப்பப் படிவங்களையும் வாங்கி வரலாம்.

வேதாகமத்தில் மோசேக்கும் இந்த நிலை வந்தது. காலை முதல் மாலை வரை தனியொருவராக மக்களின் வழக்குகளைக் கேட்டுக்கொண்டிருந்த அவரை மாமனார் இத்திரோ தடுத்து, இப்படிச் செய்தால் நீரும் களைத்துப்போவீர், மக்களும் களைத்துப்போவர், தகுந்தவர்களிடம் பகிர்ந்து கொடும் என்ற கருத்தில் அறிவுரை கூறினார். இதனை விடுதலைப் பயண நூல் 18ஆம் அதிகாரத்தில் வாசிக்கலாம். மோசே அதை ஏற்றுக்கொண்டார். அவருக்கே தனியாகச் சுமக்க முடியவில்லையென்றால் நாம் வெட்கப்பட என்ன இருக்கிறது?

5. அடுப்படி வேலையைக் குறைப்போம். கடலை, கௌபி போன்றவற்றை முதல்நாள் இரவே ஊறவிட்டால் விரைவில் வேகும், விறகும் மிஞ்சும். சோற்றுக்கு வைக்கோல் பெட்டி நல்லது. மரப்பெட்டி அல்லது கடகத்தின் அடியிலும் சுற்றிலும் வைக்கோலைக் கையகலத் தடிப்புக்கு இறுக்கி அடையுங்கள். அரிசி மூடிய பானையில் ஐந்து நிமிடம் நன்கு கொதித்தவுடன் பானையை அப்படியே பெட்டிக்குள் வைத்து, மேலே வைக்கோல் நிரப்பிய சாக்கால் மூடுங்கள். ஒரு மணித்தியாலமளவில் சோறு தன் சூட்டிலேயே வெந்துவிடும். தடித்த அரிசிக்குச் சற்றுக் கூட நேரம் வேண்டும். ஆவி வெளியே போகாததால் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். இடையில் திறக்க வேண்டாம். வெந்ததும் சூட்டோடு உண்ணுங்கள். இளஞ்சூட்டில் நெடுநேரம் வைத்தால் பழுதாகிவிடும். பெட்டிக்குள் சோறு வேகும் நேரம் அடுப்பைப் பார்த்திருக்கத் தேவையில்லை.

6. உடலையும் கவனிப்போம். பிள்ளைகளுக்கும் கணவனுக்கும் கொடுத்துவிட்டு மிஞ்சியதை உண்ணும் பெண்ணுக்கு இரத்தச்சோகை வருவது எளிது. தீராத களைப்பும் தலைச்சுற்றும் அதனாலும் வரலாம். குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி இரத்தத்தைச் சோதியுங்கள். கீரையோடு தேசிக்காய்ப் புளி சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாக உடலில் சேரும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் அது குறையும். தேநீரை ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள்.

ஓய்வு பாவமல்ல

படைப்பை முடித்த இறைவன் ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார் என்று நாம் விசுவசிக்கிறோம். ஆனால் ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் பெண்கள் நேரே அடுப்படிக்கே போகின்றனர். பகலில் அரை மணித்தியாலமாவது படுக்கவோ அயலவருடன் பேசியிருக்கவோ அவர்களுக்கு உரிமை உண்டு.

இவற்றைச் செய்தும் இரண்டு கிழமைக்கு மேலாக அழுகையும் நித்திரையின்மையும் தொடர்ந்தால், அல்லது வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம் வந்தால், தாமதிக்க வேண்டாம். அரசாங்க வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்குத் தொலைபேசியிலும் பேசலாம். காய்ச்சலுக்கு மருந்தெடுப்பதைப் போன்றதே இதுவும்.

காணியும் கிணறும் எப்போது கைக்கு வரும் என்பது நம் கையில் இல்லை. வீட்டில் யார் தண்ணீர் அள்ளுவது என்பது நம் கையில் இருக்கிறது. வருகின்ற ஞாயிறு மாலை குடும்பமாக இருந்து வேலைகளை எண்ணுவோம். அம்மாவின் பட்டியலிலிருந்து இரண்டு வேலைகளையாவது மற்றவர்கள் எடுத்துக்கொள்வோம். ஒரு மாதம் கழித்து மீண்டும் இருந்து, எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பார்ப்போம்.